அத்தானின் பச்சைக் குடம்

அத்தான் செத்தபோது சிட்னி முழுக்கத் தேடியும் ஒரு மண் குடம் கிடைக்கவில்லை. அந்த எழுபதுகளில் இங்கே செத்த தமிழரை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் குடம் கேட்டவர்கள் இன்னும் குறைவு. அதனால் கடைக்காரர்மேல் பிழை சொல்ல முடியாது.

இதில் பகிடி என்னவென்றால், நான் அப்போது மண்ணோடுதான் சீவியம் நடத்திக்கொண்டிருந்தேன். பிளாக்டவுனில் அக்காவும் அத்தானும் அவர்களுடைய இரண்டு பெண்பிள்ளைகளும் இருந்த வீட்டில் பின்னறை எனக்கு. அத்தான் ரெயில்வேயில் இன்ஜினியர். என்னை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டவரும் அவர்தான். வந்த மாதம் எனக்கு ஒரு மேசை வேலை எடுத்துத் தருவதாகத்தான் இருந்தார். என் சேர்ட்டிபிக்கேற்றை வாங்கி மேலும் கீழும் பார்த்தார். பிறகு பேப்பரில் ஒரு விளம்பரத்தைப் பேனையால் வட்டம் போட்டு நீட்டினார். பாரம் தூக்கக்கூடிய ஆள் தேவை என்றிருந்தது.

“இதுக்கு ஒருத்தரும் சேர்ட்டிபிக்கேற் கேக்கமாட்டினம்,” என்றார்.

“அக்காவைக் கட்டேக்க உங்களிட்ட ஆர் சேர்ட்டிபிக்கேற் கேட்டது?”

“உன்ர கொப்பர் கேட்டவர். மூண்டு கொப்பி எடுத்துக் குடுத்தனான்.”

விளம்பரம் குவேக்கர்ஸ் ஹில்லில் இருந்த ஒரு பொட்டரியினுடையது, மண்பாண்டம் வனைகிற இடம். அப்போது அந்தப் பக்கம் புல்லும் குதிரையும் கோழிப் பண்ணையும்தான். ஒரு பழைய கோழிக் கொட்டிலை வாங்கி, கோழி மணம் போகமுதலே அதற்குள் சூளை கட்டியிருந்தார் ஒரு வெள்ளைக்காரப் பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். தனி ஆள். நான் அவரை ‘பொஸ்’ என்பேன். அவர் என்னை ‘மேட்’ என்பார். மண் பிசைவது, காஸ் சிலிண்டர் உருட்டுவது, சூளை அடுக்குவது, கை தவறிக் கோப்பை உடைப்பது, இவையெல்லாம் என் வேலை. கடைசி வேலையை யாரும் கேட்காமலே செய்தேன்.

பொஸ் விற்றுப் பிழைத்தது கோப்பையும் பிளேற்றும். ஆனால் அவர் விரும்பியது ஒரேயொரு பச்சை நிறத்தை. சீனாக்காரன் ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு மேலாகச் சுட்டு வந்த ஒரு பச்சை. செலடன் என்பது வெள்ளைக்காரர் வைத்த பெயர். சீனர்கள் வெறுமனே பச்சைப் பீங்கான் என்பார்களாம். வெளியே பூசுகிற கண்ணாடிப் பூச்சில் ஒரு சிட்டிகை இரும்புத் துரு இருக்கவேண்டும். சூளைக்குள் தீ மூச்சு முட்டித் தவிக்கவேண்டும். காற்றுக் கொஞ்சம் கூடினால் மஞ்சள், குறைந்தால் சாம்பல். இரும்பு ஒரு கிள்ளுக் கூடினால் சாணி நிறம். எங்களுக்குப் பெரும்பாலும் சாணிதான் வந்தது.

“எதுக்குப் பொஸ் இவ்வளவு பாடு? பெயின்ற் வாங்கி அடிக்கலாமே?” என்று கேட்டேன்.

அவர் பேசுவது இங்கிலிஷ். அதை என் தமிழில்தான் இங்கே எழுத முடியும்.

“ஜேட் எண்டு ஒரு பச்சைக் கல்லு இருக்கு, மேட். சீனாக்காரருக்குத் தங்கத்தைவிட அது பெரிசு. அந்தக் கல்லை மண்ணில செய்யப் பாத்திருக்கிறாங்கள். களிமண்ணில செய்து, நெருப்பில போட்டு, மண்ணைக் கல்லா மாத்தியிருக்கிறாங்கள். ஒரு ராசா அந்தப் பச்சையை வேற ஆரும் பாவிக்கக்கூடாதெண்டே சட்டம் போட்டவனாம்.”

“எங்கட சாணிக்கு அந்தச் சட்டம் தேவையில்லை.”

அவர் சிரிக்கவில்லை. அவருக்கு நான் சொல்வதில் பத்தில் ஒன்றுக்குத்தான் சிரிப்பு வரும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சனம் காரில் வந்து கொட்டிலைச் சுற்றிப் பார்க்கும். பொஸ் சக்கரத்தில் இருந்தால் நான்தான் விளக்கம் சொல்வேன். அரபு நாட்டு அரசர்களும் எங்கள் பக்கத்துச் சுல்தான்களும் இந்தப் பச்சைத் தட்டைக் கப்பல் கப்பலாக இறக்கினார்கள், நஞ்சு கலந்த சாப்பாட்டை அதில் வைத்தால் தட்டு வெடிக்கும் என்று நம்பினார்கள். இதுவரை பொஸ் சொல்லித் தந்தது. மிச்சம் என்னுடையது. அக்கா கட்டித் தந்த இறால் குழம்பையும் சோற்றையும் ஒரு சாணிப் பிளேற்றில் கொட்டி, “நல்லாப் பாருங்கோ, நிறம் மாறுது,” என்று சொல்லி ஒரு வாய் வைத்து, தொண்டையைப் பிடித்துக்கொண்டு தரையில் விழுந்தேன். ஒரு வயதான சீமாட்டி உண்மையாகவே அழத் தொடங்கிவிட்டார். அடுத்த ஞாயிறு எனக்கு வாய்ப்பூட்டு.

ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரம் பொஸ் ஒரு புத்தகத்தில் உடைந்த பச்சை ஓட்டுத்துண்டுப் படம் ஒன்றைக் காட்டினார். எனக்கு அது தெரிந்த சாமான்.

“இது எங்கட தீவுப்பக்கக் கடற்கரையில கிடக்கும். ஒத்தைக் காலில கெந்தி விளையாடச் சில்லு எடுக்கிறது.”

பொஸ் சாப்பாட்டை வைத்துவிட்டார். “இந்தப் பச்சையா? உண்மையைச் சொல்லு. எண்ணூறு வருஷம் பழசு அது. கப்பலில வந்தது.”

“அது எங்களுக்கு ஆர் சொன்னது? நாங்கள் காகத்துக்கும் எறிஞ்சனாங்கள்.”

“காகத்துக்கு.”

“ஒருநாளும் பட்டதில்லை பொஸ். காகம் சரியான கெட்டித்தனம்.”

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். பிறகு இன்னொரு பக்கத்தைத் திருப்பினார். அதில் ஒரு சாடி, தோளைச் சுற்றி ஒரு பாம்பு மாதிரியான மிருகம், மேலே மூடி. சீனாவின் தெற்கில் செத்தவரோடு குழிக்குள் வைத்ததாம். உள்ளே நெல் நிரப்பி வைப்பார்களாம், போகிற இடத்தில் பசி இருக்கக்கூடாதென்று.

“பாத்தியா, ஒரு கீறல் இல்லை,” என்றார். “உயிரோட இருந்த ஆக்கள் பாவிச்சதெல்லாம் உடைஞ்சு போச்சு. செத்தவைக்குக் குடுத்தது மட்டும்தான் முழுசா மிஞ்சியிருக்கு.”

அந்த வருஷக் கடைசியில் எங்கள் சூளை ஒருமுறை சரியாக மூச்சு முட்டியது. அடுக்கின நாற்பது சாமானில் ஒரேயொரு சாடி. ஒரு சின்னப் பூசணிக்காய் அளவு, குறுகின கழுத்து, அகன்ற தோள். வாழைக் குருத்து விரியமுதல் உள்ளே சுருண்டிருக்குமே, அந்தப் பச்சை. சூளைக் கதவடியில் பொஸ் அதைக் கையில் ஏந்தியபடி நின்றார். எனக்கு அன்றைக்குப் பகிடி ஒன்றும் வரவில்லை. யன்னலில் அதை வைத்தார். வந்த ஆட்கள் விலை கேட்டால், “அது மெல்போனுக்கு,” என்பார். மெல்போனில் ஒரு கண்காட்சி இருந்தது. அங்கே ஒரு சாமான் வைக்க அவர் நாலு வருஷமாகக் காத்திருந்தார்.

அத்தான் ஒரு வெள்ளிக்கிழமை காலை பிளாக்டவுன் ஸ்ரேசன் பிளாற்போமில் விழுந்தார். கையில் பெட்டி, பெட்டிக்குள் அக்கா கட்டிக் கொடுத்த இடியப்பம். ஆஸ்பத்திரிக்குப் போகமுதலே முடிந்துவிட்டது. நாற்பத்தொரு வயது.

செத்தவீட்டுக் காரியங்களுக்கு ஒரு அங்கிள் வந்தார். பாங்கில் வேலை. தேவாரம் தெரியும் என்ற ஒரே காரணத்தால் சிட்னியில் எந்தத் தமிழர் செத்தாலும் அவர்தான் ஐயர். கதிரையில் இருந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, தேவையான சாமான்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். அரிசி, தேங்காய், சந்தனம், தர்ப்பை. தர்ப்பைக்குப் பின்வளவுப் புல்லு என்று தானே ஒரு முடிவும் சொன்னார். குடம் என்ற இடத்தில் நின்றார்.

“மண் குடத்துக்கு இஞ்ச எங்க போறது? ஒரு பித்தளைச் செம்பு எடுப்பம். இடத்துக்கேத்த மாதிரித்தானே செய்யலாம்.”

அக்கா செய்தி வந்ததிலிருந்து கண் மூடவில்லை. சுவரில் சாய்ந்தபடி கேட்டாள்.

“செம்பு உடையுமோ அங்கிள்?”

“செம்பு எப்பிடிப் பிள்ளை உடையும்?”

“அப்ப அது குடமில்லை.”

அங்கிள் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

“அந்தாள் வீட்டை விட்டு ஒபிசுக்கெண்டு போனது,” என்றாள் அக்கா. “தான் செத்தது அந்தாளுக்குத் தெரியுமோ தெரியாது. குடம் உடைஞ்சால்தான் தெரியும். இல்லாட்டி அந்த பிளாற்போமில ரெயினுக்கு நிண்டுகொண்டே இருக்கும். எனக்கு வேற ஒண்டும் வேண்டாம். அதை மட்டும் ஒழுங்காச் செய்யுங்கோ.”

சனிக்கிழமை முழுக்க அலைந்தேன். கடைசியில் ஒரு செடிக் கடையில் பூச்சட்டி ஒன்று வாங்கி வந்தேன். அங்கிள் அதைத் தூக்கி அடியைப் பார்த்தார்.

“இதில ஏற்கெனவே ஓட்டை இருக்கு தம்பி.”

“அப்ப உங்களுக்கு வேலை குறைவுதானே அங்கிள்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதில் கோபம்கூட இல்லை. நான் அந்தச் சட்டியைக் கொண்டுபோய்ப் பின்வளவில் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பொட்டரிக்குப் போனேன். பூச்சுப் போடாத குடம் ஒன்று கிடைத்தால் போதும் என்றுதான் போனேன். ஆனால் அப்படியானவற்றுக்கெல்லாம் பூச்சுப் போட்டு, வியாழக்கிழமை நானே சூளையில் அடுக்கி மூடியிருந்தேன். பொஸ் அன்றைக்கு விடியத் தீ மூட்டியிருந்தார். வெளியே பலகைத் தட்டில் கோப்பையும் பிளேற்றும் மட்டும்.

“பொஸ், ஒரு குடம் வேணும். அத்தான்ர செத்தவீட்டுக்கு.”

அவருக்கு அத்தான் இறந்தது அப்போதுதான் தெரியும். மண் கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு கையைக் கழுவித் துடைத்துவிட்டு யன்னலடிக்குப் போனார். பச்சைச் சாடியை எடுத்து, பேப்பரில் சுற்றி, என் கையில் வைத்தார்.

“அவரோட போகட்டும்,” என்றார்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கவேண்டும். நாங்கள் சீனாக்காரர் மாதிரிக் கூட வைத்து அனுப்புவதில்லை, உடைப்போம் என்று. ஒரு வசனம். எதற்கெல்லாமோ திறந்த வாய் அதற்குத் திறக்கவில்லை. உடைப்போம் என்று சொன்னால் தரமாட்டார், தராவிட்டால் அக்காவிடம் வெறுங்கையோடு போகவேண்டும். அந்தக் கணக்கைத்தான் மனதுக்குள் போட்டேன்.

“உள்ளுக்கு என்ன போடுவீங்கள்? நெல்லா?” என்று கேட்டார்.

“தண்ணி.”

“தண்ணி,” என்று அவரும் சொல்லிப் பார்த்தார். “நல்லது. நானும் வரலாமா, மேட்?”

“வாங்கோ,” என்றேன்.

வீட்டில் அக்கா பேப்பரை விலக்கிப் பார்த்தாள். “இது மண்ணே?”

“மண்தான் அக்கா. நான் பிசைஞ்ச மண்.”

“உடையுமோ?”

அந்தக் கொட்டிலில் என் கையால் எத்தனை கோப்பை உடைந்திருக்கும். “உடையும்,” என்றேன். மனமறிந்து பொய் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை. ஊரில் என்றால் பெண்கள் வாசலோடு நின்றுவிடுவார்கள். இங்கே அக்கா கிரிமற்றோரியத்துக்கு வந்து, இரண்டு பிள்ளைகளோடு முன்வரிசையில் இருந்தாள். ஆண்பிள்ளை இல்லாதபடியால் குடம் எனக்கு. அத்தானின் வேட்டிதான் கட்டியிருந்தேன், நீளம் கூடி நிலத்தில் இழுபட்டது. உள்ளே சுவரிலிருந்து சுவர்வரை சிவப்புக் கார்பெற். கறுப்புக் கோட்டுப் போட்ட செத்தவீட்டுக் கொம்பனி ஆள் அங்கிளிடம் வந்து, தண்ணீர் ஊற்றினால் கார்பெற் பழுதாகும் என்றார். அங்கிள் பேசிப் பேசி ஒரு கோப்பைத் தண்ணீருக்குச் சம்மதம் வாங்கினார். பொஸ் நாலாம் வரிசையில், ஒருநாளும் நான் காணாத நீலச் சட்டையில் இருந்தார். அவர் பக்கம் பார்க்காமலிருக்க முயன்றேன்.

குடத்தை இடது தோளில் வைத்துப் பெட்டியைச் சுற்றி நடந்தேன். பின்னால் அங்கிள், கையில் எங்கள் குசினிக் கத்தி. ஒவ்வொரு சுற்றுக்கும் குடத்தில் ஒரு ஓட்டை விழவேண்டும், தண்ணீர் ஓடவேண்டும். முதல் சுற்றில் அவர் கத்தி நுனியால் கொத்தினார்.

கோயில் மணி மாதிரி ஒரு சத்தம். என் காதுக்குப் பக்கத்தில் எழும்பி, மண்டபம் முழுக்கப் போய், மெதுவாகத் தேய்ந்தது. நல்ல பச்சைப் பீங்கானைத் தட்டினால் இப்படித்தான் பாடுமாம். சீனாவில் கிண்ணங்களைப் பரப்பிவைத்து, குச்சியால் தட்டி இசை எழுப்பியிருக்கிறார்கள் என்று பொஸ் சொல்லியிருந்தார். இரண்டாம் சுற்றில் அங்கிள் பலமாகக் கொத்தினார். மணி இன்னும் பலமாக அடித்தது. அத்தானோடு வேலை செய்த வெள்ளைக்காரர்கள், இது எங்கள் முறை என்று நினைத்து, ஒவ்வொரு மணிக்கும் தலை குனிந்தார்கள். பொஸ்ஸும் குனிந்தார்.

“தம்பி, இது என்ன இரும்போ?” அங்கிள் என் பிடரிக்குப் பின்னால் குசுகுசுத்தார்.

“கதையாமல் வாங்கோ அங்கிள்.”

மூன்று சுற்றும் முடிந்தன. ஒரு துளி தண்ணீர் வரவில்லை. பெட்டிக்கு முதுகைக் காட்டி நின்று, குடத்தைத் தோளிலிருந்து பின்பக்கமாக விட்டேன். விட்டவன் திரும்பிப் பார்க்கக்கூடாது.

தொம் என்று ஒரு சத்தம், பிறகு உருளுகிற சத்தம்.

எனக்கு முன்னால் அக்காவின் முகம்தான் இருந்தது. அவளுடைய கண் தரையோடு இடமிருந்து வலமாகப் போய், ஓரிடத்தில் நின்று, பிறகு என்னிடம் வந்தது. சின்னவள் இங்கிலிஷில், மண்டபம் முழுக்கக் கேட்கும்படி, “அது உடையவில்லை அம்மா,” என்றாள்.

நாலாம் வரிசையிலிருந்து பொஸ் எழும்பினார். முன்னுக்கு வந்து குனிந்து, ஓரத்துக் கதிரைக்குக் கீழிருந்து சாடியை எடுத்து, சட்டைக் கையால் ஈரம் துடைத்து, சுற்றிச் சுற்றிப் பார்த்து, எனக்கு முன்னால் வந்து நின்றார். நான் கை தவறி விட்டுவிட்டேன் என்று நினைத்திருக்கிறார்.

“ஒண்டும் ஆகேல்லை, மேட்,” என்றார் மெதுவாக. “ஒரு கீறல்கூட இல்லை.” அவருடைய முகத்தில் அப்படியொரு ஆறுதல்.

“பொஸ், அது உடையவேணும்.”

“என்ன?”

“உடைஞ்சால்தான் அவர் போவார். அதுதான் எங்கட முறை. நான் உங்களுக்குச் சொல்லேல்லை. சொல்லியிருந்தா…”

“சொல்லியிருந்தாத் தந்திருக்கமாட்டன்,” என்றார்.

கொம்பனி ஆள் மணிக்கூட்டைப் பார்த்தார். அடுத்த செத்தவீட்டுக் கார்கள் வெளியே வந்து நின்றன. அக்கா எழும்பி எங்களிடம் வந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

“இவன் உங்களுக்குச் சொல்லியிருப்பான் எண்டு நினைச்சன்,” என்றாள் இங்கிலிஷில். “மன்னிச்சுக்கொள்ளுங்கோ. அது உங்கட சாமான். நீங்கள் கொண்டுபோங்கோ.”

சொல்லும்போது அவளுடைய கை அத்தானின் பெட்டி விளிம்பைப் பிடித்திருந்தது. நான் இரண்டு பேரையும் பார்த்தேன். என்னால் செய்யக்கூடிய உதவி ஒன்றும் இல்லை. செய்யக்கூடிய கெடுதல் எல்லாவற்றையும் செய்து முடித்திருந்தேன்.

பொஸ் சாடியின் கழுத்துக்குள் இரண்டு விரலை விட்டு, உள்பக்கத்தை ஒருமுறை சுற்றித் தடவினார். சக்கரத்தில் மண் எழும்பும்போது அவருடைய விரல் பதிந்த வரிகள் அங்கே இருக்கும். பிறகு சாடியை என்னிடம் நீட்டினார்.

“கார்பெற்றில இது உடையாது. வெளியில வா.”

அக்கா உள்ளேயே பெட்டியோடு நின்றாள். நாங்கள் மூன்று பேரும், நான், அங்கிள், பொஸ், கார் ஏறிவருகிற கொங்கிரீற் சரிவுக்குப் போனோம். அங்கிள் பூச்செடிக் குழாயில் குடம் தளும்பத் தண்ணீர் பிடித்தார். உள்ளே கேட்டுவாங்கிய ஒரு கோப்பைக்கு ஈடு செய்கிற மாதிரி. நான் கதவுக்கு முதுகைக் காட்டி நின்றேன்.

“தள்ளி நில்லுங்கோ பொஸ், துண்டு பறக்கும். உள்ளுக்குப் போனாலும் நல்லது.”

“நான் நிக்கிறன்,” என்றார் பின்னாலிருந்து. “நீ பாக்கக்கூடாதெண்டால் ஆரோ ஒருத்தர் பாக்கத்தானே வேணும்.”

விட்டேன். இந்தமுறை மணி அடிக்கவில்லை. பெரிய கிளை முறிகிற மாதிரி ஒரு சத்தம். குளிர்ந்த தண்ணீர் என் குதிக்காலைத் தொட்டு, விரல்களுக்கிடையால் முன்னே ஓடியது.

“திரும்பாத. நட,” என்றார் அங்கிள்.

நடந்தேன். பின்னால் பொஸ் துண்டு பொறுக்குகிற சத்தம் கேட்டது. ஒன்றோடொன்று படும்போது துண்டுகளும் கொஞ்சம் கொஞ்சமாகப் பாடின. திரும்பிப் பார்க்கவேண்டும் என்று அவ்வளவு ஆசையாக என் வாழ்க்கையில் ஒருநாளும் இருந்ததில்லை.

காரில் அக்கா கேட்டாள். “உடைஞ்சதோ?”

“ஓம் அக்கா.”

“வடிவா?”

“வடிவா உடைஞ்சது.”

அவள் சாய்ந்தாள். நாங்கள் பெரிய வீதிக்கு ஏறமுதலே நித்திரையாகிவிட்டாள், நாலு நாளுக்குப் பிறகு. பிள்ளைகள் சத்தம் போடாதபடி இரண்டு பேரையும் என் மடியில் இருத்திக்கொண்டேன்.

அடுத்த கிழமை வேலைக்குப் போனேன். வேலை போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு, திருப்பிக் கொடுக்க ஏப்ரனையும் கழுவி எடுத்துப் போனேன். பொஸ் சூளையைத் திறந்து சாமான்களை இறக்கிக்கொண்டிருந்தார். எல்லாம் சாம்பல் நிறம். யன்னலில் ஒன்றும் இல்லை.

“மெல்போனுக்கு என்ன அனுப்பப் போறீங்கள்?” என்று கேட்டேன்.

“ஒண்டும் இல்லை.”

கோபமாகச் சொல்லவில்லை. மன்னித்த மாதிரியும் சொல்லவில்லை. ஒரு சாம்பல் கிண்ணத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபடி நின்றார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“ஒண்டு மட்டும் சொல்லு, மேட். அவர் போயிட்டாரா?”

“போயிட்டார்,” என்றேன்.

அவர் தலையாட்டினார். கிண்ணத்தைக் கழிவு வாளிக்குள் போட்டுவிட்டு, “ரெண்டு மூட்டை மண் பிசை,” என்றார். நான் ஏப்ரனைக் கட்டிக்கொண்டேன்.